தீவூரில் வாழ்வும் உடைமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

உடைமை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது நிலம். நிலத்துக்குச் சர்வே எண் உண்டு, நான்கெல்லை உண்டு, பட்டா, சிட்டா, அடங்கல் என்று ஏடுகள் உண்டு. வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் ஊர் கூடும். அங்கே தீராவிட்டால் வழக்கு மன்றம் வரையில் போகும். தந்தை பெயரில் இருந்த நிலம் மக்கள் பெயருக்கு மாறுகிறது. இவ்வளவு பாதுகாப்பும் நமக்குப் பழகிப்போனமையால் இதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வரப்பும் எல்லைக் கல்லும் இல்லாத ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் கடல். காலடியில் மணல். அந்த மணலும் ஒரு பருவத்தில் ஒரு பக்கம் சேரும். மறு பருவத்தில் அப்பக்கம் கரைந்துபோகும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் 'இது எங்களுடையது' என்று சொல்லத்தக்கது யாது? அதனை அவர் எந்த ஏட்டைக் காட்டி மெய்ப்பிப்பார்? இந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். இது கடலோரத்தாருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஏரியும், மேய்ச்சல் தரையும், களமும், வண்டிப் பாதையும் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தீவுகளின் வரிசை

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையில் மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டினாற்போல 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடந்தன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காசுவார், விளங்குச்சல்லி, காரியாச்சல்லி என நான்கு. வேம்பாற்றுப் பக்கம் மூன்று. கீழக்கரைப் பக்கம் ஏழு. மண்டபத்துப் பக்கம் ஏழு. இவற்றுள் விளங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. எஞ்சியவை 19.

இச்சிறு தீவுகளில் இன்று நிலையான குடியிருப்பு இல்லை. ஆயினும் இவை மனிதர் அறியாத தீவுகள் அல்ல. மீன் பிடிக்கவும், சங்கு எடுக்கவும், பாசி சேர்க்கவும், புயலுக்கு ஒதுங்கவும் தலைமுறை தலைமுறையாக மக்கள் இங்கே வந்து போயினர். வேம்பாற்றுப் பக்கத்துத் தீவுகளில் ஒன்றன் பெயர் நல்லதண்ணித் தீவு; மற்றொன்றன் பெயர் உப்புத்தண்ணித் தீவு. கடலோடிக்கு ஒரு தீவைப் பற்றி முதலில் தெரிய வேண்டுவது யாதென்பதை இப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. அங்கே குடிக்க நீர் உண்டா என்பதே அது.

இந்த வரிசையின் வடகிழக்குக் கோடியில் மக்கள் வாழும் பெரிய தீவாகிய இராமேசுவரம் இருக்கிறது. அத்தீவின் தென்கிழக்கு முனையில், இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் அமைந்தது தனுஷ்கோடி. மக்கள் வாழும் தீவூர் எப்படிப்பட்டது என்பதை அறிய நாம் அங்கேதான் செல்ல வேண்டும்.

மணலுக்கடியில் உள்ள செல்வம்

தனுஷ்கோடி மீனவக் குடும்பங்கள் மணலைக் கையாலும் சிரட்டையாலும் தோண்டி ஊற்று நீர் எடுப்பதை அங்கே சென்றவர் கண்டிருப்பர். இருபுறமும் உப்புக் கடல் இருக்க, நடுவே சில அடி ஆழத்தில் குடிநீர் கிடைக்கிறது. இது தெய்வத்தின் அருள் என்று பெரியோர் சொல்வர். அந்த அருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மழை நீர் மணலுக்குள் இறங்குகிறது. கடல் நீரை விட நல்ல நீர் எடை குறைந்தது. ஆகவே உப்பு நீரின்மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரையில் நல்ல நீர் இருக்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி நீரை அளவுக்கு மீறி இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறி வரும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் உழவர்க்கு இந்த உண்மையை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

தீவூரின் முதற்பெரும் உடைமை இந்த ஊற்று. அது எவருடைய பட்டாவிலும் இல்லை. முதலில் வந்தவர் முதலில் எடுப்பார். குடத்துக்கு எடுப்பார், குழாய் இறக்கிப் பீப்பாய்க்கு எடுக்கமாட்டார். இவ்வழக்கம் நின்று, ஒருவர் இயந்திரம் வைத்து இறைத்தால் ஊர் முழுவதும் ஒரே கோடையில் தன் குடிநீரை இழந்துவிடும். ஆகவே ஊற்றைக் காத்து வருவது ஊரின் வழக்கமே என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கடலிலும் உண்டு பங்கும் முறையும்

கடலில் உடைமை ஏது என்று சிலர் கேட்கலாம். இக்கரையின் வரலாற்றைப் பார்த்தால் கடலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பங்கும் முறையும் இருந்தமை தெரியவரும்.

முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக் கடலில் தோலாயிரம் பார் பெயர் பெற்றது. உழவர் தம் வயலுக்குப் பெயர் வைப்பதுபோல் கடலோடிகள் கடலுக்கு அடியில் இருக்கும் பாருக்கும் பெயர் வைத்தனர். ஆயினும் பார் அரசுக்கு உரியது என்பதே பாண்டியர் காலந்தொட்டு வந்த முறை. போர்ச்சுகீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் மாறி மாறி அவ்வுரிமையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு மூழ்கியவர்க்கும் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1955 முதல் 1961 வரையில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. 1961க்குப் பின்னர் நடைபெறவில்லை. சங்கு எடுக்கும் உரிமையும் நெடுங்காலம் அரசிடமே இருந்தது. மூழ்கியவர் தாம் எடுத்த சங்கை அரசிடம் ஒப்படைத்து அதற்குரிய தொகையைப் பெற்றனர்.

மேலே சொன்னவை அரசு வகுத்த முறை. ஊரார் தாமே வகுத்துக்கொண்ட முறையும் உண்டு. கரைவலையில் கிடைத்த மீன், வலைக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, இழுத்தவர்க்கு இவ்வளவு என்று பங்காகப் பிரியும். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை இருக்கிறது. நல்ல மீன்பிடி இடங்களை ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வர். இன்று ஒருவர்க்குக் கிடைத்த இடம் நாளை மற்றொருவர்க்குப் போகும். ஏரிப் பாசனத்தில் நாம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? அதே நெறிதான் இது. நிலம் எவருக்கும் தனியுரிமை இல்லை. ஆனால் பயன் ஒவ்வொருவர்க்கும் உரிமை.

நிலம் வேறு, பயன் வேறு என்பதை நம் வருவாய்த் துறையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசுப் புறம்போக்கில் நிற்கும் பனை, புளி முதலிய மரங்களின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று வழங்கப்படுவதை உங்களுள் பலர் அறிவீர்கள். மரத்தடியில் உள்ள மண் அரசுக்கு உரியது. மரத்தின் பலன் பட்டாதாரருக்கு உரியது. இவ்வொரு சிறு ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் முடிவுக்கு இது மிகவும் வேண்டியதாகும்.

1964ஆம் ஆண்டுப் புயல்

தனுஷ்கோடி ஒரு காலத்தில் சிற்றூர் அன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் ரயில் அவ்வூர் வரையில் சென்றது. அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குச் சென்றது. ரயில் நிலையமும், சுங்கச் சாவடியும், அஞ்சல் நிலையமும், தேவாலயமும் இருந்தன.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அலையில் அகப்பட்டது. அதில் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரில் மாண்டோர் பலர். அதன்பின் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் பாதை அழிந்தது அழிந்ததாகவே இருந்துவிட்டது.

ஊர் அழிந்தது, ஆனால் கடலில் மீன் அழியவில்லை. வலை வீசத் தெரிந்தவர் திரும்பி வந்தனர். ஓலைக் குடிசை போட்டனர், ஊற்றுத் தோண்டினர், கரைவலை இழுத்தனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வருகின்றன. 2017ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரையில் தார்ச் சாலை வந்தது. சுற்றுலாப் பயணிகள் வண்டி வண்டியாக வருகின்றனர்.

வாழத் தகாத இடம் என்று அறிவித்த நிலத்தில் வீட்டு மனைப் பட்டா வழங்க அரசு தயங்கும். அத்தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. 1964 போன்ற ஓர் இரவு மீண்டும் வாராது என்று எவர் உறுதி கூற முடியும்? ஆனால் ஏடு ஒன்றும் இல்லாத குடியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். புறம்போக்கில் குடியிருப்போர்க்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வரும் பி மெமோதான் சில வேளைகளில் அவர்கள் அவ்விடத்தில் வாழ்ந்தமைக்குச் சான்றாக நிற்கிறது. 'நீ ஆக்கிரமித்தாய்' என்று சொல்லும் தாளையே 'நான் இங்கு வாழ்ந்தேன்' என்பதற்குச் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது. சாலை இல்லாத காலத்தில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. சாலை வந்து, நிலத்துக்கு மதிப்பு ஏறும்போதுதான் ஏடு இல்லாதவர் ஒதுங்க நேரிடுகிறது. இது நாட்டின் எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும்.

எவருக்கும் உரியதல்லாததன் கதி

ஏட்டில் ஏறாத பொதுவுடைமை என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு சான்று கூறுகிறது.

இத்தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் பவளப் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. திறந்த கடலிலிருந்து வரும் அலை முதலில் அவற்றின்மேல் மோதி உடைகிறது. அதன் பின்னரே தீவை அடைகிறது. தீவைக் கடந்து நம் கரையை அடைகிறது. உழவர் மொழியில் சொன்னால், பவளப் பாறை கடலுக்குக் கட்டிய கரை. அந்தக் கரையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குச் சென்றது, வீடு கட்டச் சென்றது, தொழிற்சாலைக்குச் சென்றது. கூலிக்கு வெட்டியவர் ஏழைகள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்பாறை இன்னாருடையது என்று சொல்லி மறிப்பதற்கு அன்று ஒருவரும் இல்லை என்பதுதான் உண்மை.

1986இல் இத்தீவுகள் அடங்கிய பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் வெட்டுவது நாளடைவில் நின்றது. ஆனால் கரை உடைந்த ஏரியில் நீர் நிற்குமா? வான் தீவு ஆண்டுக்கு ஆண்டு கரைந்தது. சில பத்தாண்டுகளுக்குள் தன் பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2015 முதல் மாநில அரசு, தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் துணைகொண்டு, சிமெண்டுக் கலவையால் செய்த செயற்கைப் பாறைகளை ஆயிரக்கணக்கில் தீவின் முன் கடலில் இறக்கியது. அலையின் வேகம் தணிந்தது, மணல் மீண்டும் சேரத் தொடங்கியது, செயற்கைப் பாறைகளின்மேல் பவளம் வளர்கிறது, மீனும் கூடுகிறது. காரியாச்சல்லித் தீவையும் மீட்கும் பணியை அரசு மேற்கொண்டுள்ளது.

இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் கணக்குப் பாருங்கள். கடல் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்த கரையை மூட்டை விலைக்கு விற்றோம். இன்று கோடிக்கணக்கில் செலவிட்டு அதைப் போன்ற ஒன்றைக் கட்டுகிறோம். ஊர்ப் பொதுச் சொத்தை இழப்பவர் அனைவர்க்கும் இப்படித்தான் நேரும்.

பாசி எடுக்கும் பெண்கள்

சட்டம் வந்தது, பாறை பிழைத்தது. அதே சட்டம் வேறொரு கேள்வியையும் கொண்டு வந்தது. இராமேசுவரம் தீவில் பாம்பனுக்கு அருகே உள்ள சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள், சிறு தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைப்பவர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறை இடுக்கில் உள்ள மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார்கள். மருந்துக்கும் உணவுக்கும் வேண்டிய அகர் என்னும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. பூங்காக் கட்டுப்பாடு இறுகியபோது, தாய் பாட்டி காலத்திலிருந்து சென்றுவந்த இடத்துக்கு அவர்கள் அத்துமீறி நுழைபவர் ஆயினர்.

அப்பெண்கள் என்ன செய்தார்கள்? சங்கமாகக் கூடினார்கள். மாதத்தில் 12 நாட்களே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக் காலத்தில் எடுப்பதில்லை, இரும்புக் கருவி கொண்டு பாறையைச் சுரண்டுவதில்லை என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். அவ்விதியை முன்வைத்து அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களுள் ஒருவராகிய லட்சுமி மூர்த்தி என்னும் அம்மையாருக்கு, உலகத் தீவுகளின் நலனுக்காக உழைக்கும் சீகாலஜி என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டில் பரிசு அளித்துப் பாராட்டியது.

இதில் நாம் கற்க வேண்டுவது ஒன்று உண்டு. பயன் உரிமையைக் கேட்பவர், அப்பயன் குன்றாமல் காக்கும் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது. அளவின்றி எடுப்போம் என்பவர்க்கு எந்த அரசும் உரிமை தர முடியாது. அளவோடு எடுப்போம், அளவை நாங்களே காப்போம் என்பவரை எந்த அரசும் எளிதில் தள்ள முடியாது.

இரண்டு உரிமைகள்

இனி, என் கருத்தைத் திட்டமாகச் சொல்லுகிறேன். தீவூரிலும் கடலோர ஊரிலும் வாழ்வோர்க்கு இரண்டு உரிமைகள் வேண்டும். ஒன்று, பாதுகாப்பான இடத்தில் உறைவிட உரிமை. மற்றொன்று, கரையிலும் கடலிலும் பயன் உரிமை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விலையாகக் கொடுக்கும்படி நேரலாகாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின் இந்தக் கேள்வி எழுந்தது. மறு ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வெளியான 172ஆம் எண் அரசாணையின்படி, கரைக்கு அப்பால் புது வீடு பெற விரும்புவோர் தம் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. புது வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட்டது. அதுகாறும் தம் பெயரில் ஒரு சாண் இடமும் இல்லாத எத்தனையோ பெண்கள் முதன்முதலாக உடைமை பெற்றனர். அது பெரும் நன்மை. உயிரைக் காக்கக் குடியைத் தள்ளி அமைப்பதும் நியாயமே. ஆனால் குடி பின்வாங்கிய இடத்தில் படகு நிறுத்தவும், வலை காயவைக்கவும், மீன் உலர்த்தவும் ஊருக்கு இருந்த பயன் உரிமை எந்த ஏட்டில் எழுதப்பட்டது என்று கேட்டால், பல ஊர்களில் விடை கூற ஆளில்லை. எழுதப்படாத இடம் வெற்றிடம் என்றே பின்னால் வருபவர் கண்ணுக்குப் படும்.

மரம் நிற்கும் மண் அரசுக்கும், பலன் குடிக்கும் என்று 2சி பட்டாவில் பிரித்து எழுத முடிகிறதன்றோ? அவ்வாறே கரை அரசுக்கும், அதன் பயன் ஊருக்கும் என்று எழுதி வைப்பதில் என்ன தடை இருக்கிறது?

தடை இல்லை, வழியும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், மீனவ ஊர்களையும், அவற்றின் பொதுவுடைமைகளையும், மீன் உலர்த்தும் களங்களையும், படகுத் துறைகளையும் சர்வே எண் தெரியும் வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும் என்கின்றன. மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்கின்றன. சட்டம் இடம் விட்டிருக்கிறது. அவ்விடத்தில் ஊர்ப்பெயரை எழுதும் வேலை நம்முடையது.

ஊராட்சி செய்யத்தக்கவை

இனி, செய்ய வேண்டுவனவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது: ஊரின் பொதுவுடைமைகளைப் பட்டியலிடுங்கள். கரைவலை இழுக்கும் இடம், படகு ஏற்றும் இடம், வலை பின்னும் நிழல், மீன் களம், ஊற்று, இடுகாடு, கரைக்குச் செல்லும் பாதை ஆகியவற்றில் ஒன்றும் விடுபடலாகாது. ஊரில் வயது முதிர்ந்தவர்களையும் பெண்களையும் உடன் அழைத்துச் சென்று நடந்து பாருங்கள். எந்த ஊற்று கோடையிலும் இனிக்கும் என்பது குடம் சுமந்தவர்க்கே தெரியும்.

இரண்டாவது: ஒவ்வோர் இடத்துக்கும் சர்வே எண்ணும் வகைப்பாடும் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஒத்துப் பாருங்கள். களம் என்று நாம் நினைத்திருப்பது ஏட்டில் தரிசு என்று இருக்கக்கூடும்.

மூன்றாவது: அப்பட்டியலைக் கிராம சபையின் முன் வைத்துத் தீர்மானமாக்குங்கள். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபைக்கென்று குறிக்கப்பட்டுள்ளன. தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, கடலோர மண்டல வரைபடத்தில் நம் ஊரின் இடங்கள் ஏறியுள்ளனவா என்று எழுத்து மூலம் கேளுங்கள். விடுபட்டிருந்தால் சேர்க்கும்படி வேண்டுங்கள்.

நான்காவது: பயன்பாட்டு விதியையும் எழுதுங்கள். ஊற்றில் இயந்திரம் வைப்பதில்லை, கரை மணலை அள்ளுவதில்லை, பாறையைத் தொடுவதில்லை என்பன போன்ற விதிகள் தீர்மானத்தில் இடம்பெறட்டும். உரிமையும் விதியும் ஒரே தாளில் இருந்தால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

ஐந்தாவது: குடும்பத்தின் தனி ஏடுகளைப் பாதுகாக்க வழி செய்யுங்கள். புயலில் வீடு போனாலும் ஏடு போகலாகாது. இன்று பட்டா, அ-பதிவேடு ஆகியவற்றின் நகலைக் கணினி வழியே பெற முடிகிறது. குடும்ப அட்டை, பட்டா, படகுப் பதிவுச் சான்று, மீனவர் நல வாரிய அட்டை ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையில் இட்டு, மேட்டு நிலத்தில் உள்ள உறவினர் வீட்டிலோ புயல் காப்பகத்திலோ வைக்கும் பழக்கத்தை ஊருக்குப் பொதுவாக ஏற்படுத்துங்கள். வீட்டு மனை எதுவாயினும் மனைவியின் பெயரும் அதில் சேர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போனவர் திரும்பாத நாளில் அந்த ஒரு வரிதான் குழந்தைகளுக்குக் கூரையாகும்.

உள்நாட்டு ஊர்களுக்கு

இங்கே அமர்ந்திருக்கும் உழவர்களுள் சிலர், 'எங்களுக்குக் கடலும் இல்லை, தீவும் இல்லை. இதனால் எங்களுக்கு என்ன?' என்று நினைக்கலாம். உங்கள் ஊர் ஏரியின் உள்வாயில் பயிர் செய்பவர் எவர்? மேய்க்கால் புறம்போக்கில் வேலி போட்டவர் எவர்? களத்துமேட்டின் எல்லை எது வரையில் இருந்தது? இவற்றுக்கு ஏட்டைப் பார்த்து விடை கூறக்கூடியவர் ஊரில் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டு சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றி அந்நிலங்களை ஊராட்சியிடம் மீண்டும் ஒப்படைக்க மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது. ஆனால் எது பொது நிலம் என்று காட்ட ஊரிடம் ஏடு இருந்தால்தான் தீர்ப்பு பயன்படும்.

தீவூரில் இந்த உண்மை பளிச்செனத் தெரிகிறது. நம் ஊரில் மறைந்து கிடக்கிறது. வேறுபாடு அவ்வளவே. தீவில் ஊற்று கெட்டால் ஒரே வாரத்தில் குடி பெயர வேண்டும். நம் ஊரில் ஏரி கெட்டால் ஒரு தலைமுறையில் குடி பெயர்கிறது. மெல்ல நடப்பதனால் அது நமக்குத் தெரிவதில்லை.

அன்பர்களே! தனியுடைமையைக் காக்க ஒவ்வொருவர்க்கும் தன்னலமே போதும். அதற்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. பொதுவுடைமையைக் காக்கத்தான் ஊராட்சி என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஊரைச் சுற்றி ஒரு நாள் நடந்து வாருங்கள். ஒரு பள்ளி மாணவன் கையில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதச் செய்யுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் கிராம சபையின் மேசைக்கு வந்துவிட்டால், என் பேச்சு பயன் பெற்றதாக மகிழ்வேன்.